விமானம் குலுங்கும்போது நின்றுகொண்டிருப்பவர்கள்

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்க்யூ 321 விமானம் நடுவானில் கடுமையாகக் குலுங்கி, பாங்காக்கில் அவசரமாக இறங்கியது. 73 வயது பிரிட்டிஷ் பயணி ஒருவர் இறந்துபோனார். மாரடைப்பாக இருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். அன்னைக்கு டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடியது ஒரே வரிதான்: "விமானம் 6000 அடி கீழே விழுந்தது." காரைக்குடிப் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது சிங்கப்பூர், மலேசியான்னு போய் வருகிறவர்கள். அதனால இந்த வரி இங்கே ரொம்ப வேகமா பரவிச்சு. "இனிமே ஃபிளைட்டே வேண்டாம்ப்பா" என்று சொன்ன பெரியவர்களும் உண்டு.

எட்டு நாள் கழித்து, மே 29-ல், சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவு முதற்கட்ட விவரங்களை வெளியிட்டது. விமானத்தின் பதிவுக் கருவிகளிலிருந்து எடுத்த கணக்கு அது. அந்த 6000 அடி உண்மைதான், ஆனா அது விழுந்தது கிடையாது. குலுக்கல் முடிந்து சுமார் 17 நிமிடம் கழித்து, பாங்காக் போக முடிவெடுத்த பிறகு, விமானிகள் 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு நிதானமாக இறக்கினார்கள். தினமும் எல்லா விமானமும் இறங்குவது மாதிரி ஒரு இறக்கம். ஆட்களைக் காயப்படுத்தியதாக அந்த அறிக்கை சொல்கிற இறக்கம் வேறு. 4.6 நொடியில் 178 அடி.

178 அடி என்றால் ஒரு பெரிய கோயில் கோபுர உயரம். அவ்வளவுதான். இத்தனை பெரிய போயிங் 777-க்கு அது ஒரு பொருட்டே இல்லை. விமானம் உடையவில்லை, எஞ்சின் நிற்கவில்லை, பாங்காக்கில் ஒழுங்காக இறங்கியது. உள்ளே இருந்த மனுஷங்கதான் உடைஞ்சாங்க. அவர்கள் சேர்க்கப்பட்ட பாங்காக் மருத்துவமனை ஒன்றில் மட்டும் 22 பேருக்கு முதுகுத்தண்டில் காயம், 6 பேருக்கு மண்டையிலும் மூளையிலும் காயம் என்று அதன் இயக்குநர் சொன்னார்.

இது நடந்தது மியான்மரின் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே. செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஐராவதி புதுசு கிடையாது. அந்த டெல்டா நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்துத்தான் இங்கே பல வீடுகள் எழுந்தன. தூண்களில் நிற்பது பர்மா தேக்கு. கானாடுகாத்தானைச் சேர்ந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அதே மனிதர் 1954 மார்ச் 13-ல் சிங்கப்பூரில் தரையிறங்கும்போது நொறுங்கிய விமானத்தில் இறந்தார். அந்த விபத்தில் 33 பேர் போனார்கள். அந்தத் தலைமுறையில் விமானப் பயம் என்றால் இதுதான்: விமானமே நொறுங்குவது. அந்தப் பயம் நமக்குள்ள இன்னும் அப்படியே இருக்கு. ஆனா இன்றைய குலுக்கல் விபத்துகளைப் புரிந்துகொள்ள அது உதவாது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, குலுங்குகிற நேரத்தில் யார் பெல்ட் போடாமல் இருக்கிறார்கள் என்பது.

சரி, அந்தச் சில நொடிகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்பு உணர்வது 1 ஜி. அதாவது நம்முடைய சாதாரண எடை. ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது வயிறு லேசாகிறதே, அப்போது அது 1-க்குக் கீழே போகிறது. பூஜ்யம் ஆனால் மிதப்போம். பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸில் போனால்? மேல் கீழாகிவிடும். உங்களைப் பொறுத்தவரை கூரைதான் தரை.

எஸ்க்யூ 321-ல் 0.6 நொடிக்குள் +1.35 ஜியிலிருந்து −1.5 ஜிக்குப் போனது. அடுத்த 4 நொடிக்குள் −1.5-லிருந்து திரும்பவும் +1.5. 70 கிலோ ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் அவர் 105 கிலோ எடையோடு கூரையை நோக்கி "விழுகிறார்". அவர் தலைக்கும் கூரைக்கும் அரை மீட்டர் இடைவெளி இருந்தால், முட்டுவதற்குக் கால் நொடிதான் ஆகும். நான் போட்டுப் பார்த்த கணக்கில் வேகம் மணிக்கு சுமார் 14 கிலோமீட்டர் வருது. சைக்கிள் வேகம்தானே என்று தோன்றும். ஆனா இடிப்பது உச்சந்தலை, பின்னாடி வருகிற மொத்த உடம்பின் பாரமும் கழுத்தில் இறங்கும். அடுத்த கட்டத்தில் அதே ஆள் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து, ஒன்றரை மடங்கு எடையோடு, கீழே வருகிறார். எதன் மேல் விழுவார் என்று சொல்ல முடியாது. சீட்டின் கைப்பிடி, பக்கத்து ஆள், சாப்பாட்டு டிராலி, எதுவாகவும் இருக்கலாம்.

இடுப்பில் பெல்ட் இறுக்கமாக இருந்தால் இந்த இரண்டு கட்டமுமே நடக்காது. வயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இந்த அறிக்கையில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது வேறொரு எண். அந்த ஜி மாற்றத்துக்கு 8 நொடி முன்பு, சீட் பெல்ட் விளக்கு போடப்பட்டுவிட்டதாக ஒரு விமானி சொல்வது பதிவாகியிருக்கிறது. எட்டு நொடி. உட்கார்ந்திருக்கிற பயணிக்கு அது போதும். இரண்டு முனையையும் எடுத்து 'டிக்' என்று மாட்ட மூணு நொடி. அன்னைக்கு விமானத்தில் காலை உணவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படின்னா கேபின் ஊழியர்கள் நடைபாதையில், டிராலியோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு எட்டு நொடியில் என்ன செய்ய முடியும்?

டிராலியில் காலால் மிதிக்கிற இரண்டு பெடல் இருக்கும். சிவப்பு மிதித்தால் பிரேக், பச்சை மிதித்தால் விடுதலை. நிறைந்த டிராலி 100 கிலோ வரைகூடப் போகும். பிரேக் போட்டால் அது உருளாது. ஆனா மைனஸ் ஜியில் பிரேக்குக்கு வேலையே இல்லை, டிராலியும் ஆளைப் போலவே மேலே போகும். அதனால அதைத் தள்ளிக்கொண்டு போய் அதற்கான பெட்டியில் நுழைத்துத் தாழ் போட வேண்டும். அதன் மேலே இருக்கிற சூடான காபி, டீ ஜாடிகளை இறக்க வேண்டும். பிறகு கதவுப் பக்கம் இருக்கிற தங்கள் மடக்கு இருக்கைக்குப் போய், தோளையும் சேர்த்துக் கட்டுகிற பெல்ட்டை மாட்ட வேண்டும். நடைபாதை நடுவில் இருக்கிற ஒருவருக்கு இதெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தாலே பெரிய விஷயம்.

இது ஒரு விமானத்தின் தனிக் கதையா என்றால், இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கில் 2009 முதல் 2022 வரை குலுக்கலால் பலத்த காயம் அடைந்தவர்கள் 163 பேர். அதில் பயணிகள் 34 பேர், ஊழியர்கள் 129 பேர். ஒரு விமானத்தில் எத்தனை பயணி, எத்தனை ஊழியர் என்று யோசித்துவிட்டு இதைத் திரும்பவும் படியுங்கள். ஐம்பது இருக்கைக்கு ஒரு ஊழியர் என்பது பொதுவான விதி. ஐம்பதில் ஒன்றாக இருப்பவர்கள், காயக்கணக்கில் ஐந்தில் நாலு. 'பலத்த காயம்' என்பதற்கும் வரையறை இருக்கு: 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனை, அல்லது எலும்பு முறிவு, இந்த மாதிரி. விரலும் மூக்கும் சாதாரணமாக உடைந்தால் அது இந்தக் கணக்கிலேயே வராது.

நம்ம நாட்டு உதாரணமும் இதையேதான் சொல்கிறது. 2022 மே 1, மும்பையிலிருந்து மேற்கு வங்காளத்தின் துர்காபூருக்குப் போன ஸ்பைஸ்ஜெட் போயிங் 737. தரையிறங்குவதற்காகக் கீழே வரும்போது கடும் குலுக்கல். காயம் 14 பயணிகளுக்கும் 3 கேபின் ஊழியர்களுக்கும் என்று டிஜிசிஏ சொன்னது. 14 பெரிய எண்ணாகத் தெரியும். ஆனா அந்த விமானத்தில் பயணிகள் 190-ஐ ஒட்டி. கேபின் ஊழியர்கள் மொத்தமே 4 பேர். நாலில் மூணு! பலத்த காயத்தோடு இருந்த பயணி ஒருவர் பல மாதம் கழித்து, செப்டம்பரில் இறந்தார்.

இதற்கு நேர் எதிரான காட்சி 2025 மே 21-ல். டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில் மாட்டி, அதன் மூக்கே பிய்ந்துபோன படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 220-க்கும் மேற்பட்டவர்கள் இருந்த அந்த விமானத்தில் யாருக்கும் காயம் இல்லை. விமானத்தின் மூக்கு போனது, மனிதர்கள் தப்பினார்கள். சிங்கப்பூர் விமானத்தில் விமானம் முழுசாக இருந்தது, மனிதர்கள் உடைந்தார்கள்.

ஊழியர்களுக்கு ஏன் இவ்வளவு அடி என்பதற்கு 'நின்றுகொண்டிருக்கிறார்கள்' என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி இடமும் நேரமும்.

இடம் என்றால் விமானத்தின் வால் பக்கம். விமானம் மூக்கை மேலும் கீழும் ஆட்டும்போது, நடுவில் இருக்கிற சமநிலைப் புள்ளியைச் சுற்றித்தான் ஆடும். சீசாப் பலகை மாதிரி. நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு, நுனியில் உட்கார்ந்தவன் தூக்கி அடிக்கப்படுவான். பெரும்பாலான விமானங்களில் பெரிய சமையல் பகுதி வால் நுனியில்தான் இருக்கிறது. சாப்பாடு சூடாக்குவது, டிராலி நிரப்புவது, குப்பை கட்டுவது எல்லாம் அங்கே. பயணிகள் பகுதியில் விழுந்தால் பிடித்துக்கொள்ள வரிசையாக சீட்டாவது இருக்கும். அங்கே இருப்பதெல்லாம் உலோக முனைகளும் தாழ்ப்பாள்களும். தரை சட்டென்று கீழே போய், பிறகு சட்டென்று மேலே வந்து பாதத்தில் மோதும்போது முதலில் போவது கணுக்கால்.

நேரம் என்றால் தரையிறங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021-ல் இதைப் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அதன் பரிந்துரைகளில் முக்கியமானது, இறங்கும் கட்டத்தில் ஊழியர்களை இன்னும் முன்கூட்டியே உட்காரவைத்துப் பெல்ட் போடச் சொல்ல வேண்டும் என்பது. காரணம் எளிது. விமானம் மேகங்களுக்குள் இறங்குகிறது, பயணிகள் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பவும் ஊழியர்கள் நடந்துகொண்டிருப்பார்கள்: கப்பைப் பொறுக்கு, சீட்டை நிமிர்த்து, ஜன்னலைத் திற, எழுந்து நிற்கிறவரை உட்கார வை.

திருச்சி-சிங்கப்பூர் விமானத்தில் போனவர்களுக்கு இந்தக் காட்சியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலு மணி நேரப் பயணம். ஏறி, உயரம் பிடித்து, சாப்பாடு கொடுத்து, காசு வாங்கி, குடியேற்றப் படிவம் பற்றிக் கேட்கிற ஆச்சிகளுக்குப் பதில் சொல்லி, குப்பை எடுத்து முடிப்பதற்குள் இறக்கம் ஆரம்பித்துவிடும். அந்த நேரத்திலும் ரெண்டு பேர் மணி அடிப்பார்கள், தண்ணி கேட்டு. மேலே இருக்கிற பையை எடுக்க ஒருத்தர் எழுவார். அவரை உட்கார வைக்க ஊழியர் ஒருவர் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வர வேண்டும்.

அந்தப் பாதையின் வானிலையையும் கொஞ்சம் பார்க்கலாம். திருச்சியிலிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவின் தெற்கைக் கடந்து, சுமத்ராவின் வடமுனை, மலாக்கா நீரிணை வழியாகப் போகிறோம். பயணிகள் விமானங்கள் பறக்கிற உயரம் சுமார் 11 கிலோமீட்டர். வெப்பமண்டல இடிமேகங்களோ 15 கிலோமீட்டரைத் தாண்டியும் வளரும். மேலே ஏறிக் கடக்க முடியாது, சுற்றித்தான் போகணும். 20 கடல் மைல் தள்ளிப் போவது நல்லது என்பது வழக்கமான அறிவுரை. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகாலை நேரத்தில் வரிசை கட்டி வருகிற புயல்மழைக்கு 'சுமத்ரா' என்றே பெயர். விடியற்காலை சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் பலமுறை இதோடுதான் இறங்கியிருப்பார்கள்.

விமானத்தின் மூக்கில் இருக்கிற ரேடார் மழைத்துளியைத்தான் நன்றாகப் பார்க்கும். மேகத்தின் உச்சியில் இருப்பது பனித்துகள். அது ரேடாருக்கு மங்கலாகத்தான் தெரியும். கீழேயிருந்து புதிதாக, வேகமாக முளைக்கிற மேகம் விமானம் பறக்கிற உயரத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்களே போதும். எஸ்க்யூ 321-ம் இப்படி வளர்ந்துகொண்டிருந்த மேகப்பகுதிக்கு மேலே பறந்திருக்கலாம் என்றுதான் அந்த அறிக்கை சொன்னது.

மேகமே இல்லாத தெளிந்த வானத்திலும் குலுங்கும். அது ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் உயர்காற்று ஓடைகளின் ஓரத்தில் நடப்பது. நம்ம தலைக்கு மேலேயும் அப்படி ஒன்று உண்டு: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிற வெப்பமண்டலக் கீழைக்காற்று ஓடை. அதை உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம், 1958-ல். ஆனா அதன் மையம் 14 கிலோமீட்டருக்கும் மேலே. அதனால நம்ம பாதையில் முதல் கவலை இடிமேகம்தான் என்பது என் கருத்து. "காலநிலை மாற்றத்தால் குலுக்கல் 55 சதவீதம் கூடிவிட்டது" என்று ஒரு செய்தி அடிக்கடி வரும். அது பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு. 1979-க்கும் 2020-க்கும் இடையே, வட அட்லாண்டிக் பகுதியில், தெளிந்த வானத்துக் கடும் குலுக்கல் நேரம் அவ்வளவு கூடியிருக்கிறது. முக்கியமான ஆய்வுதான். திருச்சி விமானத்துக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டக் கூடாது.

வானத்தை மாற்ற முடியாது, வேலை முறையை மாற்றலாம். சில நிறுவனங்கள் மாற்றியும் இருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முன்பு பெல்ட் விளக்கு எரிந்தால் சூடான பானத்தை மட்டும் நிறுத்தும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாப்பாடு கொடுப்பதையும் நிறுத்தி ஊழியர்களும் உட்கார வேண்டும் என்று மாற்றியது. கொரியன் ஏர் 2024 ஆகஸ்டில் எகானமி வகுப்பில் கப் நூடுல்ஸ் கொடுப்பதையே நிறுத்தியது, கொதிநீர் கொட்டும் என்பதால். நீண்ட பயணங்களில் உபசரிப்பை, முன்பு இருந்த மாதிரி தரையிறங்க 20 நிமிடம் இருக்கும்வரை இழுக்காமல், 40 நிமிடம் முன்பே முடிக்கச் சொன்னது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 2024 டிசம்பரிலிருந்து 10,000 அடிக்குப் பதிலாக 18,000 அடியிலேயே கேபினைத் தயார்செய்து ஊழியர்களை உட்காரவைக்கிறது. இதில் எதற்கும் புதுக் கருவி வேண்டாம். காபி பத்து நிமிடம் முன்னாடி முடியும், அவ்வளவுதான்.

ஆனா அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயணி முகம் சுளிப்பார் என்ற பயம் நிறுவனங்களுக்கு இருக்கிறது. அதில் நம்ம பங்கும் உண்டு. தமிழில் இவர்களுக்கு நாம் வைத்த பெயர் 'பணிப்பெண்'. அந்தச் சொல்லில் தீயணைப்பது, 90 நொடியில் விமானத்தைக் காலி செய்வது, மாரடைப்புக்கு முதலுதவி என்று எதுவுமே தெரியாது. தட்டு மட்டும்தான் தெரியும். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்று விதி வைத்தது அவசரத்தில் ஆட்களை வெளியேற்றுவதற்கு. குலுக்கலில் நாலில் மூணு பேர் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு தீப்பிடித்தால் கதவைத் திறப்பது யார் என்ற கேள்வி பயணியையும் சேர்த்ததுதான்.

இழப்பீட்டிலும் ஒரு வித்தியாசம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னாட்டு விமானத்தில் காயப்படும் பயணிக்கு 1999-ன் மாண்ட்ரியல் ஒப்பந்தம் துணை நிற்கும். இந்தியா அதை 2009-ல் ஏற்றது. பணியில் இருக்கும் ஊழியர் அந்த ஒப்பந்தத்தில் 'பயணி' ஆக மாட்டார். அவருக்கு உள்ளது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் நிறுவனத்தின் காப்பீடும்தான். ஒரே குலுக்கல், ஒரே கணுக்கால் முறிவு, கணக்கு வேற வேற. வேலையே நடந்துகொண்டிருப்பது என்கிறவருக்குக் கணுக்கால் முறிவு என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

முன்னறிவிப்பே இல்லாமல் வருகிற குலுக்கலுக்கு அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவது இதுதான்: தன் இருக்கைக்கு ஓடாதே. டிராலியின் பிரேக்கை மிதி. பக்கத்தில் காலி சீட் இருந்தால் உட்கார்ந்து பெல்ட் போடு. சீட் இல்லையென்றால் தரையிலேயே உட்கார்ந்து, சீட்டின் உலோகக் காலையோ கைப்பிடியையோ இறுகப் பிடித்துக்கொள். பக்கத்துப் பயணியின் உதவியைக் கேட்கலாம். அதனால அடுத்த முறை நீங்க நடைபாதை ஓரம் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு ஊழியர் திடீரென்று உங்கள் காலடியில் தரையில் உட்கார்ந்தாலோ, உங்கள் மடியிலேயே விழுந்தாலோ, பதறி நகர வேண்டாம். உங்களுக்குப் பெல்ட் இருக்கு. அவங்க தோளையோ கையையோ கெட்டியாப் பிடிச்சுக்குங்க, விளக்கு அணையறவரைக்கும்.